பழைய வில்லைத் தேடுவோர்

அமெரிக்காவில் பழைய வில் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் தேடி அலைவது 1920களுக்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடையில் அங்கேயே செய்யப்பட்ட வில்களை. போர்க்களத்துக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. துப்பாக்கி வந்து வில்லை ஓரங்கட்டிச் சில நூற்றாண்டுகள் ஆன பிறகு, மருத்துவர்களும் தச்சர்களும் இயற்பியலாளர்களுமாகச் சேர்ந்து விளையாட்டுக்காகவும் வேட்டைக்காகவும் திரும்ப உருவாக்கியவை அவை. ஒரே மரத்தில் செதுக்கிய கோலாக இருந்த வில், இந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் மரத்தகடும் கண்ணாடியிழையும் அடுக்கி ஒட்டிய கருவியாக மாறிவிட்டது. அந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வீட்டின் கார் கொட்டகையிலோ பரணிலோ இன்னும் கிடக்கிறது என்பதுதான் சேகரிப்பாளர்களை இழுக்கும் விஷயம்.

அதற்கு முந்தைய வில்கள் கிடைப்பது அரிது. மரம், கொம்பு, நார், பசை எல்லாமே மட்கக்கூடியவை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீள்வில் எப்படி இருந்தது என்பதே, 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982இல் கடலுக்குள்ளிருந்து தூக்கியதால்தான் உறுதியாகத் தெரிந்தது. அந்தக் கப்பலில் 137 முழு வில்கள் கிடைத்தன. பிற்காலத்தில், பொழுதுபோக்காக வில்வித்தை பழகிய ஆங்கிலேயப் பிரபுக்களுக்கு லண்டனில் தாமஸ் ஆல்ட்ரெட், எடின்பரோவில் பீட்டர் மியூர் போன்றவர்கள் செய்து கொடுத்த வில்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. பார்க்க அழகானவை; ஆனால் நாண் ஏற்றி இழுக்கும் துணிவு யாருக்கும் வராது.

அமெரிக்கக் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையில் மாரிஸ் தாம்சன், வில் தாம்சன் என்ற சகோதரர்கள் இருந்தார்கள். தோற்ற தரப்பு வீரர்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தடை இருந்ததால், இருவரும் வில்லும் அம்புமாக ஃபுளோரிடாக் காடுகளில் வேட்டையாடிக் காலம் தள்ளினார்கள். அந்த அனுபவங்களை மாரிஸ் 1878இல் புத்தகமாக வெளியிட்டார். நாடு முழுக்க வில்வித்தை மோகம் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே தேசிய வில்வித்தைச் சங்கம் தோன்றியது. அதே 1879இல் சிகாகோவில் நடந்த முதல் போட்டியில் தம்பி வில் தாம்சன் வென்றார். மோகம் சில ஆண்டுகளில் தணிந்தது. சங்கம் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது தொடக்கம் இன்னும் துயரமானது. 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரவில் ஊரில், பசியால் மெலிந்த ஒரு மனிதர் பிடிபட்டார். யாஹி என்ற பழங்குடியில் கடைசியாக எஞ்சியவர். குடியேறிகளின் படுகொலைகளில் அவருடைய இனமே அழிந்து போயிருந்தது. மானிடவியலாளர்கள் அவரை இஷி என்று அழைத்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே தங்கவைத்தார்கள். பக்கத்திலிருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், இஷிக்குச் சிகிச்சை பார்க்க வந்து, அவரிடமே மாணவராகிவிட்டார்.

இஷி செய்த வில் ஆங்கிலேயரின் ஆள் உயர வில்லைப் போன்றதல்ல. ஜூனிபர் மரத்தில் தட்டையாகச் செதுக்கி, வெளிப்புறத்தில் விலங்கின் தசைநாரை ஒட்டிய வில் அது. நீளம் ஏறத்தாழ 42 அங்குலம், இழுவிசை 45 பவுண்டு. நாண் ஏற்றியபடியோ நிறுத்தியபடியோ விட்டால் வில் களைத்து வியர்த்துப் போகும் என்றும், படுக்கவைத்துத்தான் ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் அவர் நம்பினார். பழைய வில்லை மூலையில் சாத்தி வைக்காதே, கிடையாக ஆணிகளில் தாங்க விடு என்று இன்றைய சேகரிப்பாளர்கள் சொல்வதும் அதையேதான். இஷி 1916இல் காசநோயால் இறந்தார். தாம் கற்றதைப் போப் 1923இல் புத்தகமாக எழுதினார். அந்தப் புத்தகத்தைப் படித்து வில் செதுக்கக் கற்றவர்கள் பலர். இன்று ஏலத்தில் போட்டி போடப்படும் வில்களில் ஏதோ ஒரு வகையில் இஷியின் கை இருக்கிறது. 

அந்தக் காலத்தில் வில்லுக்கு ஏற்ற மரங்கள் என்று மூன்றைச் சொல்வார்கள்: யூ, ஒசேஜ் ஆரஞ்சு, கியூபாவிலிருந்து வந்த லெமன்வுட். யூ மரத்தில் ஒரு வசதி இயல்பாகவே அமைந்திருக்கிறது. வெள்ளைப் பகுதி இழுவையைத் தாங்கும். வைரம் பாய்ந்த பகுதி அழுத்தத்தைத் தாங்கும். வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் இழுபடும், எய்பவரைப் பார்க்கும் பக்கம் நசுங்கும். ஆகவே வெள்ளை வெளியிலும் வைரம் உள்ளேயும் வரும்படி பிளந்து எடுத்தால், ஒரே கட்டையிலேயே இரண்டு வேலைக்கும் ஆள் இருக்கிறது. ஒசேஜ் ஆரஞ்சு வேறு ரகம். மஞ்சள் நிறம், இரும்பு போன்ற உறுதி. அதில் செதுக்குபவர் வெள்ளையை முழுக்க நீக்கிவிட்டு, வெளிப்புறம் நுனி முதல் நுனி வரை ஒரே ஆண்டு வளையமாக இருக்கும்படி இழைக்க வேண்டும். கணு வரும் இடத்தில் வளையமும் மேடிட்டு எழும். கத்தியும் அதோடு ஏறி இறங்க வேண்டும். ஓரிடத்தில் வளையத்தை அறுத்துவிட்டால் வில் அங்கேதான் முறியும். லெமன்வுட் இத்தனை பிடிவாதம் காட்டாது. சீரான மரம், இயந்திரத்தில் அறுக்கலாம். பள்ளிகளுக்கும் முகாம்களுக்கும் போன மலிவு வில்கள் பலவும் அதில் செய்தவை.

வடிவம் வந்த பிறகுதான் உண்மையான வேலை. பாதி செதுக்கிய வில்லை, வரிசையாகக் காடி வெட்டிய கட்டையொன்றின் தலையில் படுக்கவைத்து, நாணை முதல் காடிக்கு இழுத்து மாட்டுவார்கள். சற்றுத் தள்ளி நின்று, கைப்பிடிக்கு இரு பக்கமும் உள்ள வில்லின் கரங்கள் ஒன்றுபோல் வளைகின்றனவா என்று பார்ப்பார்கள். விறைப்பாக நிற்கும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு, வில்லை இறக்கி, அங்கே மட்டும் சுரண்டுவார்கள். மறுபடி ஏற்றி இரண்டாவது காடி. இப்படியே 28 அங்குல இழுவை வரை. ஓரிடம் அளவுக்கு மீறி வளைந்தால் அங்கே மரத்தைச் சேர்க்க வழியில்லை. மற்ற இடங்களையெல்லாம் மெலிதாக்கித்தான் சரிக்கட்ட வேண்டும். அறுபது பவுண்டு என்று தொடங்கிய வில் நாற்பத்தைந்தில் முடிவது இப்படித்தான். பழைய வில் ஒன்றைக் கையில் எடுத்ததும் அனுபவசாலி முதலில் பார்ப்பது பெயரை அல்ல, இந்த வளைவைத்தான். அதில் செய்தவரின் பொறுமை அப்படியே தெரியும்.

இந்தக் கைவேலைக்குள் 1930களில் கணக்கு புகுந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாரன்ஸ் ஹிக்மன், பின்னாளில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பால் குளோப்ஸ்டெக் ஆகிய இயற்பியலாளர்களுக்கு வில்வித்தையில் பைத்தியம். நூற்றாண்டுகளாக ஆங்கிலேயர் போற்றிய, அரைவட்ட வெட்டுமுகம் கொண்ட தடித்த வில், ஆற்றலை வீணாக்குகிறது என்று ஹிக்மன் அளந்து காட்டினார். கரங்களைத் தட்டையாக, செவ்வக வெட்டுமுகத்தோடு செய்தால் மரம் முழுவதும் வேலை செய்யும், அம்பும் வேகமாகப் போகும். இஷியின் இனத்தவரைப் போன்ற பழங்குடியினர் வழிவழியாகத் தட்டையாகத்தான் செதுக்கி வந்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர் ஃபிரெட் பேர். 1902இல் பென்சில்வேனியாவில் பிறந்து, டெட்ராய்ட் நகரின் கார்த் தொழிலில் வேலைக்குப் போனவர். போப்பின் வேட்டைத் தோழர் ஆர்ட் யங் அலாஸ்காவில் எடுத்த படத்தை 1927இல் திரையரங்கில் பார்த்தார். பிறகு யங்கோடு பழக்கமாகி, வில்லும் நாணும் அம்பும் செய்ய அவரிடமே கற்றார். 1933இல், பெருமந்தத்தின் நடுவே, பேர் வேலை பார்த்த தொழிற்சாலை எரிந்துபோனது. அவரும் சார்ல்ஸ் பைப்பர் என்ற நண்பரும் 600 டாலர் மதிப்புள்ள சாமான்களோடு ஒரு சிறு தொழில் தொடங்கினார்கள். சோறு போட்டது வில் அல்ல, கார் நிறுவனத்துக்கான விளம்பரத் தட்டி அச்சடிக்கும் வேலை. வில் ஒரு மூலையில் நடந்தது.

அந்த மூலையில் நின்று வில் செதுக்கியவர் நெல்ஸ் கிரம்லி. மரவேலையில் தேர்ந்தவர். 1930களின் பிற்பாதியிலிருந்து 1948 வரை பேர் நிறுவனத்தின் நல்ல வில்கள் அவர் கையால் வந்தன. நிறுவனத்தின் பெயரோடு அவருடைய பெயரும் வில்லில் பொறிக்கப்பட்டது. தொழிலாளிக்கு அந்த மரியாதை கிடைப்பது அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம். பெயர் அழிந்துபோயிருந்தாலும் கிரம்லியின் வில்லை நுனியை வைத்தே கண்டுகொள்ளலாம். நாண் மாட்டும் காடிக்கும் கரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் புதரின் குச்சிகளும் கொடிகளும் சிக்காதபடி நுனியைத் தனி வடிவில் செதுக்கியிருப்பார். வேட்டைக்காரர் மறைந்து நகரும்போது படும் தொல்லையை அறிந்தவர் செய்த வேலை அது.

1947இல் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங் ஊருக்கு இடம் மாறியது. பேருக்கு வேண்டியது வரிசை உற்பத்தி. கிரம்லிக்கு வேண்டியது ஒவ்வொரு கட்டையோடும் தனித்தனியே பேசும் வேலை. அடுத்த ஆண்டே கிரம்லி விலகிவிட்டார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. கிரம்லியின் வழியில் போயிருந்தால் சாதாரணத் தொழிலாளி ஒருவர் நல்ல வில் வாங்கியே இருக்க முடியாது. ஆனால் இன்று சேகரிப்பாளர்கள் மத்தியில் பேர் நிறுவனத்தின் ஆரம்பகால வில்களில் எதற்கு மதிப்பு அதிகம் என்று கேட்டால், முதலில் வரும் பெயர் கிரம்லிதான்.

அவர் போன பின் நிறுவனம் கண்ணாடியிழைக்கு மாறியது. இடையே 1949ஐ ஒட்டி, மரத்தகடுகளுக்கு நடுவே அலுமினியத் தகட்டை வைத்து ஒட்டிப் பார்த்தார்கள். உலோகமும் மரமும் பசையில் நிலைக்கவில்லை, வில்கள் பிளந்தன. வணிகத்தில் தோற்ற அந்த வில்கள்தான் இப்போது தேடிப் பிடிக்க வேண்டிய பொருள்கள், காரணம் எஞ்சியவை மிகச் சில. கண்ணாடியிழை நின்றது. நடுவில் மேப்பிள் மரத்தகடு, இரு பக்கமும் கண்ணாடியிழை, நுனிகள் எதிர்ப்பக்கமாக வளைந்த ரிகர்வ் வடிவம். ஒலிம்பிக் செய்திகளில் தமிழ் வாசகர்கள் படிக்கும் ரிகர்வ் பிரிவின் நேரடி முன்னோர் இவைதான். கோடியாக், கிரிஸ்லி என்று அலாஸ்காக் கரடிகளின் பெயர் தாங்கிய வில்கள் ஆயிரக்கணக்கில் விற்றன.

பேர் ஒருவரே எல்லாம் அல்ல. ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் ஊரில் பென் பியர்சன், வில்லையும் அம்பையும் இயந்திரத்தில் செய்து கடைகளில் குவித்தார். அமெரிக்கச் சிறுவர்கள் பலர் முதலில் தொட்ட வில் அவருடையது. நிறையக் கிடைப்பதாலேயே சேகரிப்பாளர்கள் அவரைக் கொஞ்சம் அலட்சியமாகப் பார்ப்பதுண்டு. அது சரியான அளவுகோல் அல்ல. அலபாமாக்காரர் ஹவர்ட் ஹில், மூங்கில் பட்டைகளை அடுக்கி ஒட்டிய நீள்வில்லை விடாப்பிடியாகக் காத்தவர். 1938இல் வந்த ராபின் ஹுட் படத்தில் இலக்குத் தவறாமல் பாயும் அம்புகளை எய்தவர் அவர். செயின்ட் லூயிஸ் நகரின் ஏர்ல் ஹோயிட், போட்டி வில்லின் பக்கம் போனார். வில் கையில் அதிராமலிருக்க அதன் முன்னால் எடைக்கோல் பொருத்தும் ஏற்பாட்டை 1961இல் கொண்டுவந்தவர் அவரே. வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமாவில் டேமன் ஹோவாட், டெக்சஸில் விங் வில்களைச் செய்த பாப் லீ ஆகியோரின் வேலைப்பாட்டை, மரச் சேர்க்கையின் நேர்த்திக்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

1966இல் மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன், வில்லின் நுனிகளில் கப்பி பொருத்திக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1969 டிசம்பரில் கிடைத்தது. நாணை முழுக்க இழுத்ததும் பாரம் பெருமளவு குறைந்துவிடுகிற காம்பவுண்ட் வில் அது. நிதானமாகக் குறிபார்க்கலாம், பல ஆண்டுப் பயிற்சி தேவையில்லை. பத்து ஆண்டுகளுக்குள் வேட்டைக்காரர்கள் கூட்டமாக அதன் பக்கம் போனார்கள். சிறு பட்டறைகள் மூடின, பெரியவை கைமாறின. பேர் நிறுவனம் 1968லேயே விற்கப்பட்டிருந்தது. 1978இல் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து கிரேலிங்கை விட்டு ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்குப் போனது. கிரேலிங் காலத்து வில் என்ற சொல்லே விலையை ஏற்றும் சொல்லாகிவிட்டது அதன் பிறகுதான்.

பழைய வில்லின் வயதைக் கண்டுபிடிப்பது தனிக்கலை. பேர் நிறுவனத்தின் வில்களில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கரத்தின் மேல் 1953ஆம் ஆண்டின் கனடாக் காப்புரிமை பற்றிய வரி அச்சிடப்பட்டிருக்கும். அது காப்புரிமை பெற்ற ஆண்டே தவிர, வில் செய்த ஆண்டு அல்ல. அதே வரி 1960களின் வில்களிலும் இருக்கிறது. விற்பவர் 1953 என்று சத்தியம் செய்தாலும், கைப்பிடியில் பதித்த வட்டப் பதக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். 1959 முதல் பதக்கம் வந்தது. 1972 வரை அது மரத்தின் மட்டத்தோடு வழவழப்பாகப் பதிந்திருக்கும். பிறகு வந்தவற்றில் விரலில் தட்டுப்படும்படி மேடாக இருக்கும். தாமிரம், அலுமினியம், பித்தளை என்று பதக்கத்தின் உலோகமும் காலத்துக்குக் காலம் மாறியதால், அதை வைத்து ஆண்டை இன்னும் நெருக்கலாம். பழைய விலைப்பட்டியல் புத்தகங்களைச் சேகரிப்பாளர்கள் வில்லுக்குச் சமமாகப் பாதுகாப்பதும் இதற்குத்தான்: எந்த ஆண்டு எந்தக் கைப்பிடிக்கு எந்த மரம், எந்த நிறக் கண்ணாடியிழை என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. கையால் செய்த வில்லுக்கு அந்த உதவியும் இல்லை. கையெழுத்து, நுனியின் வடிவம், கைப்பிடியில் சுற்றிய தோலின் தையல் இவைதான் சாட்சி.

குறைகளைப் பார்ப்பதிலும் ஒழுங்கு உண்டு. நாண் ஏற்றிய வில்லை நுனிப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்கினால், நாண் கரத்தின் நடுவே ஓட வேண்டும். ஒரு பக்கம் விலகினால் கரம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. காலுக்கிடையில் வைத்து நாண் ஏற்றும் பழக்கமே இதற்குப் பெரும்பாலும் காரணம். பஞ்சை எடுத்துக் கரங்களின் மேல் நீவினால், கண்ணாடியிழை எங்கேனும் சிலும்பியிருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். பசை விட்ட இடத்தில் விரல்நகம் நுழையும். வெயிலில் காருக்குள் கிடந்த வில் என்றால் சந்தேகம் இரு மடங்கு. மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் ஓடுவது மட்டும் பெரிய குற்றம் அல்ல. வார்னிஷின் வயதாகவும் இருக்கலாம். அம்புக்கூடோ குறிகாட்டியோ மாட்ட யாரோ துளையிட்ட கைப்பிடி விலையைப் பாதியாக்கும். அதைவிடக் கேடு, புதிதுபோல் ஆக்குகிறேன் என்று பழைய மெருகை உரித்து வார்னிஷ் அடிப்பது. செய்தவர் பேனாவால் எழுதிய பெயரும் இழுவிசையும் அதோடு போய்விடும்.

1980களிலிருந்து பழைய முறை வில்லுக்குத் திரும்பியவர்களால் இந்தச் சேகரிப்புக்கு ஒரு புது உயிர் வந்தது. மரத்தில் வில் செதுக்கும் முறைகளைப் பல கைவினைஞர்கள் சேர்ந்து எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1992இல் வெளியானது. கிரம்லி போன்றவர்களின் வில்களை அளந்து, அதே மாதிரி செதுக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இங்கோ சைமன், எர்னா சைமன் தம்பதி திரட்டிய தொகுப்பும், அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகத்திலுள்ள சார்ல்ஸ் கிரேசன் என்ற மருத்துவரின் தொகுப்பும் உலகின் பல பகுதி வில்களை ஒரே இடத்தில் ஒப்பிட உதவுகின்றன.

தனியார் சேகரிப்பில் அருங்காட்சியகத்துக்கு இல்லாத உரிமை ஒன்று உண்டு: எய்து பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. கண்ணாடியிழை வருமுன் செய்த முழு மர வில் எழுபது ஆண்டுக்கு மேல் காய்ந்து இறுகியிருக்கும். அதைச் சுவரோடு விட்டுவிடுவதே நல்லது. 1950களுக்குப் பிந்தைய ஒட்டு வில் பெரும்பாலும் இன்றும் வேலை செய்யும். நாண் ஏற்ற அதற்கென்ற கயிற்றைப் பயன்படுத்த வேண்டும், முதல் நாளில் கொஞ்சம் கொஞ்சமாகவே இழுக்க வேண்டும், அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது. அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய ஆற்றல் முழுவதும் கரங்களுக்கே திரும்பி வில்லைப் பிளந்துவிடும். நாண் டாக்ரான் நூலாகவே இருக்க வேண்டும். இன்றைய நீளாத செயற்கை இழை நாண்கள் அம்பைக் கூடுதல் வேகத்தில் விடும். ஆனால் உறுதிப்படுத்தாத பழைய நுனிகளை ஒவ்வொரு எய்தலிலும் அறுத்துக்கொண்டே வரும்.